பதினோராம் பக்கத்தில் உன் கையெழுத்து

உ

எண்ணூர்,
பிப்ரவரி 8

அன்பு மகள் மலருக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் இந்தத் தடவை கேட்காதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும். ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் பேசுகிற அப்பா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் நீ, அப்பா ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க என்பாய், நானும் கேட்பேன், கேட்டு முடிக்கும்போது நீ சொன்னதுதான் சரி என்று எனக்கே தோன்றிவிடும். செப்டம்பரில் அப்படித்தான் ஆனது. கடிதமென்றால் நடுவில் புகுந்து உன்னால் பேச முடியாது. மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, சர்க்கரை மூட்டை மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்துக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, நீ வாங்கி அனுப்பிய உறையைக் காலில் மாட்டிக்கொள்கிறாள், ஆனால் மாடிப்படி ஏறும்போது கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறாள், கேட்டால் அழுக்காகிவிடும் என்கிறாள். இந்த வருஷ மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வரவில்லை, வாசற்படியை ஒரு சாண் உயர்த்திக் கட்டியது நல்லதாகப் போயிற்று. அனல் மின் நிலையத்துச் சாம்பல்தான் பழையபடி, வள்ளூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் வேறு நிறமாகிவிடுகிறது. உன் சித்தப்பா மகன் பொன்ராஜுக்குப் பங்குனியில் உடன்குடியில் கல்யாணம், அழைப்பிதழில் உன் பெயரையும் போட்டிருக்கிறார்கள், லீவு சொல்லி வை. தலைமுடி கொட்டுகிறது என்றாயே, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடாமல் லேப்டாப்புக்கு முன்னால் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முடி என்ன செய்யும், கீரை வாங்கிச் சமைத்துச் சாப்பிடு. கடையில் டிவி இப்போது ஓடுவதில்லை. அம்மா பழைய சேலையை அதன் மேல் போர்த்திவிட்டாள். ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் அப்படி எதுவும் உனக்குத் தெரியாது என்று நீ டெல்லிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

போன வருஷம் பொங்கலுக்கு நீ வாங்கிக் கொடுத்த டிவி அது. அம்மா பகல் முழுக்கக் கடையில்தானே நிற்கிறாள், வீட்டில் மாட்டினால் யார் பார்ப்பது என்று சொல்லி, சோப்பு அலமாரிக்கு மேலே ஆளை வைத்து மாட்டிக் கொடுத்தவளும் நீதான். தொடரும் படமும் காட்டுகிற உன் கம்பெனியின் செயலியையே அதில் போட்டுக் கொடுத்தாய், எங்களுக்கும் பெருமையாக இருந்தது, பார்க்கிறவர்களிடமெல்லாம் இது என் மகள் வேலை செய்கிற இடம், கம்பெனி சார்பில் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது அவள்தான் என்று சொன்னேன். நாலு மணி ஆனால் தெருப் பெண்கள் சாமான் வாங்குகிற சாக்கில் வந்து நின்று தொடர் பார்ப்பார்கள். நம் ரோடு எப்படிப்பட்ட ரோடு என்று நீ அறிவாய், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வாசலை அடைத்துக்கொண்டு உறுமிக்கொண்டே நிற்கும். தொடரில் வருகிறவர்களோ இப்போதெல்லாம் குசுகுசுவென்றுதான் பேசுகிறார்கள், மாமியார்கூட ரகசியமாகத்தான் திட்டுகிறாள். அதனால் அம்மா சத்தத்தை எண்பதில் வைப்பாள். விளம்பரம் வந்தால் ரிமோட்டைத் தேடி ஓடுவாள். கையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பாள், ரிமோட் ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் கிடக்கும், அவள் கண்டுபிடிப்பதற்குள் விளம்பரம் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடும். சாதாரண டிவிக்கு இப்படிக் கத்தக் கூடாது என்று விதி இருக்கிறதாம், உங்கள் செயலிகளுக்கு அந்த விதி இல்லையாம், அதெல்லாம் அப்போது எங்களுக்கு எங்கே தெரியும். சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஆடிப் பெருக்குக்கு மறுநாள், சாயங்காலம் நாலரை மணி. நான் பின்னால் அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சைரன் ஊதியது. மக்கா, இங்கே உர ஆலையிலிருந்து வாயு கசிந்தபோது நீ அதைச் செய்தியில் பார்த்தாய், நாங்கள் அதை மூச்சில் இழுத்தோம். அன்றிலிருந்து இந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆலைக்காரர்கள் ஒத்திகைக்கு ஊதுவதாக இருந்தால் முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். சொல்லாமல் ஊதினால் அது நிஜம். நிஜமென்றால் துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியில் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே ஓட வேண்டும். பால்வாடிக்குப் போகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். நான் துண்டைக் குடத்தில் முக்கி மூக்கில் கட்டினேன், அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தேன், புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது, தெற்கே ஓடினோம், எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் தெரு மொத்தமும் ஓடியது. அடுத்த தெரு முனையில் ஒருவன் நிதானமாகப் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னா எல்லாம் மூஞ்சில துணி கட்டிகினு ஓடியாறீங்க, எங்க இன்னா ஆச்சு என்று எங்களையே கேட்டான். அவன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, சத்தம் ஆலைப் பக்கமிருந்து வரவில்லை, என் கடைக்குள்ளிருந்து வந்தது. திரும்பிப் போனால் திறந்து கிடந்த கடையில் ஒரு ஆள் இல்லை, டிவியில் ரெண்டாவது தடவையாக அதே சைரன், ஒருவன் செருப்பைத் தூக்கிக் காட்டி அவசரம் அவசரம் கடைசி ஆறு மணி நேரம் என்று கத்துகிறான். ஆடித் தள்ளுபடிக்குச் சைரன் வைத்திருக்கிறார்கள். சொந்த டிவிக்குப் பயந்து ஓடிய அண்ணாச்சி என்று ஒரு மாதம் சிரித்துக் கொண்டாட வேண்டிய கதை இது. சீனியம்மாள் விழாமல் இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்து நம் கடை வாசலில் உட்காருவாளே, நீ லீவுக்கு வந்தால் உனக்கென்று இறாலைத் தனியாக எடுத்து வைப்பாளே, அந்தச் சீனியம்மாள். வாயு கசிந்த அன்று மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் அவளும் ஒருத்தி, அதனால் எல்லாரையும்விட வேகமாக ஓடினாள். லாரிகளுக்கு நடுவில் புகுந்து மறுபக்கம் வெளிப்பட்டபோது ஒரு பைக் அடித்துவிட்டது. இடது தொடை எலும்பு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள், உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமாகிறது, இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். விடியக் கரைக்குப் போய் ஏலத்தில் நின்று மீன் எடுக்க முடியவில்லை, கூடையைத் தலையில் ஏற்ற முடியவில்லை. வயது ஐம்பத்து மூன்றுதான், உன் அம்மாவைவிட இளையவள். அவளை விழ வைத்தது என் கடைச் சத்தம், அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். நீ அழுதாய். சீனியக்காவுக்கா, சீனியக்காவுக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டாய், அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த விளம்பரத்தை முதலில் எடுக்கச் சொல்கிறேன் என்றாய், ரெண்டு வாரத்தில் அது வருவது நின்றது, என் மகள் ஒரே போனில் நிறுத்திவிட்டாள் என்று நான் தெரு முழுக்கச் சொன்னேன். ஆடி முடிந்ததால் நின்றிருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. சைரன் போனது, சத்தம் போகவில்லை. சீனியம்மாளின் தங்கச்சி மகன் தீனா, வள்ளூர் மின் நிலையத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாக இருக்கிறானே, அவன் ஒருநாள் போனில் சத்தம் அளக்கிற ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து கடையில் நின்றான். தொடர் ஓடும்போது அறுபத்து நாலு டெசிபல் காட்டியது, விளம்பரம் வந்ததும் எண்பத்தெட்டுக்குப் போனது. பிளாண்டுக்குள்ள இந்தச் சத்தத்துக்குக் காதுல மாட்டிக்கினுதான் போவணும், உன் கடையில முறுக்கு துன்னுகினு நிக்கிறாங்க அண்ணாச்சி என்றான். அவன்தான் தேடிக் கண்டுபிடித்தான், இந்த மாதிரிச் செயலிகளில் வரும் விளம்பரச் சத்தத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாமா என்று டெல்லியில் ஒரு குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது, செப்டம்பர் முப்பதுக்குள் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் சட்டமே கொண்டுவருகிறார்களாம். மனுவை நம் கடையில் வைத்துத்தான் எழுதினோம். விளம்பரமே வேண்டாம் என்று அதில் கேட்கவில்லை. தொடர் எந்தச் சத்தத்தில் வருகிறதோ விளம்பரமும் அதே சத்தத்தில் வரட்டும், சைரனை எந்த விளம்பரத்திலும் வைக்க வேண்டாம், அவ்வளவுதான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டான்லியில் கொடுத்த சீட்டின் நகலையும், தீனா அளந்த கணக்கையும் சேர்த்துப் பின் போட்டு வைத்தோம்.

அப்போதுதான் உன்னிடம் சொன்னேன், சந்தோஷமாகத்தான் சொன்னேன். அதற்கு நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. அப்பா, அதை வெளியிலிருந்து அனுப்பாதீங்க, வெளியிலிருந்து வருகிற மனு ஆயிரத்தில் ஒன்றாகக் கிடக்கும், என்னிடம் கொடுங்க, நான் உள்ளே இருந்து சரியான ஆள் கையில் கொடுக்கிறேன், அதுதான் பலிக்கும் என்றாய். நம் கடை முகவரியோடு போனால் ஆபீஸில் எனக்குச் சங்கடம் என்றும் சொன்னாய், அதையும் நான் ஒப்புக்கொண்டேன், பிள்ளைக்குச் சங்கடம் வரக் கூடாதே. தீனா ஒப்பவில்லை. உள்ள ஒண்ணு குடுக்கட்டும், வெளிய ஒண்ணு போவட்டும், ரெண்டு பக்கமும் தட்டுனா இன்னா தப்பு அண்ணாச்சி என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா. நெஞ்சில் கை வைத்து, என் மகள் உள்ளே இருக்கிறாள், அவள் சொன்னால் செய்வாள், நான் பொறுப்பு என்றேன். முப்பத்து நாலு வருஷமாக இந்தத் தெருவில் கடை வைத்திருக்கிறவன் சொல்கிறேன் என்று வேறு சொன்னேன். அந்த வார்த்தைக்காகத்தான் மனுவை என் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து செப்டம்பர் 19ஆம் தேதி காலை உனக்கு அனுப்பினேன், ரெண்டு நீலக் கோடு விழுந்தது. வந்துடுச்சுப்பா, நான் பாத்துக்கறேன் என்று நீ எழுதியதும் இன்னும் என் போனில் இருக்கிறது. மூலத்தை நான் பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். செப்டம்பர் முப்பது போய்விட்டது.

தீபாவளிக்கு நீ வந்தாய். பழம் வாங்கிக்கொண்டு நெட்டுக்குப்பத்துக்குப் போய் சீனியம்மாள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாய், அவள் காலைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினாய். எப்டிமா கீற, இளைச்சுப் பூட்டியே என்று அவள் உன் கன்னத்தைத் தடவினாள். மனு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டபோது, போய்க்கொண்டிருக்கிறது அக்கா, இதெல்லாம் நேரமாகும் என்றாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து உன் போனில் அம்மாவோடு சேர்ந்து படம் பார்த்தாய், உன் கணக்கில் ஒரு விளம்பரம்கூட வரவில்லை. இது எப்படி என்று அம்மா கேட்டதற்கு, ஆபீஸ்காரர்களுக்கு அப்படித்தான் என்று சிரித்தாய். நாங்களும் சிரித்தோம்.

போன மாதம் பொங்கல் முடிந்து நாலாம் நாள் தீனா கடைக்கு வந்தான். யார் யார் என்னென்ன கருத்துச் சொன்னார்கள் என்று அந்தக் குழு தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறது, உன் கம்பெனி கொடுத்ததும் இருக்கிறது என்றான். எனக்கு அப்போதுகூடச் சந்தேகம் வரவில்லை, படி தீனா, என் மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று எல்லாரும் கேட்கட்டும் என்றேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவன் இங்கிலீஷில் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னான். ஒவ்வொரு வீட்டு டிவியும் ஒவ்வொரு மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைப்பது சிரமம் என்று ஒன்று. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பார்ப்பவர் கையிலேயே ரிமோட் இருக்கிறது என்று ஒன்று. இந்த இரண்டையும் நான் உன் மேல் குற்றமாகச் சொல்ல மாட்டேன் மக்கா, அது உன் வேலை. நானும் கடையில் ஒரு கம்பெனி மாவை அடுக்கி வைத்துக்கொண்டு, இதைவிட அடுத்த கம்பெனி மாவு நல்லது என்று யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவதைப் படிக்கும்போது தீனாவின் குரல் இறங்கிவிட்டது. விளம்பரச் சத்தத்தால் யாருக்கும் உடலளவில் பாதிப்பு வந்ததாக எந்தக் குடியிருப்புப் பகுதியிலிருந்தும் எங்கள் நிறுவனத்துக்கு இதுவரை ஒரு முறையீடும் வந்ததில்லை. பதினோராம் பக்கம், செப்டம்பர் 29ஆம் தேதி, கீழே கையெழுத்து, எஸ். மலர். அந்த எஸ் நான்தானே. என் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து வைத்துத்தானே நீ அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தாய். பத்து நாள் முன்னால்தான் எங்கள் மனு உன் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் கழித்துத்தான் நீ சீனியம்மாள் பாயில் உட்கார்ந்து அவள் காலைத் தொட்டாய்.

யாராவது என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தீனா போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான், டீ கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். ஒரு பெண் மட்டும், பேர் எழுத விரும்பவில்லை, அண்ணாச்சி நீயும் உன் பொண்ணும் சேந்துதான் எங்க பேப்பரை வாங்கி அமுக்குனீங்களா என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். இல்லை என்று எந்த வாயால் சொல்வது, நடந்தது அதுதானே. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால் நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது அவளுக்கு. மறுநாள் நெட்டுக்குப்பத்துக்குப் போனேன். சீனியம்மாள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு வலை நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வுடு அண்ணாச்சி, அது பெரிய எடத்துல வேலை செய்யுது, அவங்க சொல்றத எழுதித்தான ஆவணும், நீ ஏன் பேஜாரு ஆவுற என்றாள். அவள் என்னைச் சமாதானப்படுத்துகிறாள் மலரு. கால் உடைந்தவள் உன்னை விட்டுக் கொடுக்காமல் பேசுகிறாள், நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாளாக அவள் இடத்தில் அவள் தங்கச்சிதான் நம் வாசலில் கூடை வைத்து மீன் விற்றாள். அன்றிலிருந்து எதிர்ப்பக்கம் ஒர்க்ஷாப் வாசலில் வைக்கிறாள். கேட்டால் இங்கே நிழல் இருக்கிறது என்கிறாள். அந்தப் பக்கம் நிழலே கிடையாது, உனக்கே தெரியும்.

எனக்குக் கோபம் வருகிறது, அதைவிட அசிங்கமாக இருக்கிறது. உன்னைப் படிக்க வைத்ததைச் சொல்லிக் காட்டப் போவதில்லை, அது என் கடமை. வேலையில் உன்னை நெருக்கியிருப்பார்கள், அதுவும் எனக்குப் புரியும். முடியவில்லை அப்பா, நீங்களே அனுப்பிவிடுங்க என்று செப்டம்பர் இருபத்தொன்பதில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், கையில் ஒரு நாள் முழுசாக இருந்தது, தீனா அரைமணி நேரத்தில் அனுப்பியிருப்பான். நீ அந்தப் பக்கம் நின்று பேசு, நாங்கள் இந்தப் பக்கம் நின்று பேசியிருப்போம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நீ எங்கள் வாயையும் வாங்கி வைத்துக்கொண்டு, அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை என்று எழுதிவிட்டாய். அதற்கு நீ என்னைப் பயன்படுத்தினாய். வேறு யாராவது கேட்டிருந்தால் அந்த மனுவைக் கொடுத்திருப்பார்களா என்று யோசித்துப் பார். இந்த மூன்று வாரமாக நீ போன் செய்தபோதெல்லாம் நான் மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசினேனே, ஒரு தடவையாவது நீயே சொல்வாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். நேற்றுக்கூட, வேற என்னப்பா விசேஷம் என்று கேட்டாய்.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். அந்தக் குழு இந்த மாதம் 24ஆம் தேதி சென்னைக்கு வருகிறது, நேரில் வந்து யார் வேண்டுமானாலும் பேசலாம், ஒருவருக்கு மூன்று நிமிஷம். நான் பெயர் கொடுத்திருக்கிறேன். தீனாவைப் போய்ப் பார்த்து, அவன் வாசலிலேயே நின்று கேட்டேன், எப்படிப் பதிவு செய்வது என்று. என் போனை வாங்கிப் பதிவு செய்து கொடுத்தான். மூல மனுவை பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். காலக்கெடு முடிந்த பிறகு ஏன் கொண்டுவருகிறாய், இதற்கு முன்னால் யாரிடம் கொடுத்தாய் என்று கேட்பார்கள், கேட்காமல் விட மாட்டார்கள். அப்போது நான் போனை எடுத்து 19ஆம் தேதியைக் காட்ட வேண்டும். பதினோராம் பக்கத்தைக் காட்ட வேண்டும். ரெண்டிலும் இருக்கிற பெயர் ஒன்றுதான், அவள் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மகள் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு உன் வேலை என்னவாகும் என்று யோசிக்கத் தெரியாத மடையன் இல்லை உன் அப்பா. ரெண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கடைசியாகப் பேசியது, பெத்த பிள்ளையக் காட்டிக் குடுக்கவா போறீய என்பதுதான். அவளுக்கும் உன் மேல் வருத்தம் உண்டு, டிவியைச் சேலையால் மூடியது அவள்தான், ஆனாலும் மகள் என்றால் மகள்தான் என்கிறாள். நான் சபையில் போய்ச் சொல்லாமல் இருந்தால் இந்தத் தெருவில் இருக்க முடியாது, சொன்னால் உன் முகத்தைப் பார்க்க முடியாது. இதில் எது எனக்குச் சுலபம் என்று நீயே சொல்.

உனக்குப் பதினாறு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள், மிச்சம் ஒன்பது நாள். நீயே அந்தக் குழுவுக்கு எழுது, பதினோராம் பக்கத்தில் நான் எழுதியது சரியில்லை, எண்ணூரிலிருந்து முறையீடு வந்தது, என்னிடம்தான் வந்தது என்று. உன் மேலதிகாரி எழுதச் சொன்னாரா நீயாக எழுதினாயா என்பதெல்லாம் எனக்கு வேண்டாம், அது உனக்கும் அவர்களுக்கும். நீ எழுதிவிட்டால் நான் அங்கே போய் சீனியம்மாள் காலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவேன். வேலை போய்விடும் என்றால் போகட்டும், வீட்டுக்கு வா, வேறு வேலை தேடுகிற வரைக்கும் இங்கே இரு, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். எழுதாமல் இருந்தாலும் வீட்டுக்கு வரலாம், இது உன் வீடு. ஆனால் அப்போது நீ வருகிற தெருவில் நான் உன்னைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்திருப்பேன்.

பொன்ராஜ் கல்யாணத்துக்கு லீவு சொல்ல மறக்காதே. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ நூறு வயது குறையில்லாமல் இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் விளங்க வேண்டும், இதைக் கோபத்தோடு எழுதினாலும் மனசாரத்தான் எழுதுகிறேன். 24ஆம் தேதி, காலை பதினொரு மணி, ஞாபகம் வைத்துக்கொள். அம்மா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். ஆமாம், நீ எழுதாவிட்டால் காட்டிக் கொடுக்கத்தான் போகிறேன். நீ எங்களுக்குச் செய்தபோது ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் உனக்குச் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா,
சுயம்பு